மாமனார் கட்டை

என் தங்கை கணவரின் இசை வாழ்க்கையை வேறு யாராவது எழுதினால் அவருடைய விரல்களைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதினால் என் முதுகைப் பற்றித்தான் எழுதியாக வேண்டும். அவர் வாழ்க்கையில் ஏறிய ஒவ்வொரு படியிலும் அவருக்கு முன்னால் அந்தப் பியானோ ஏறியது. பியானோவுக்கு அடியில் நான் ஏறினேன்.

சுமை தூக்குவது என் பிழைப்பு. பீரோ, கட்டில், தையல் மெஷின், எதையும் தூக்குவேன். பீரோ நல்ல பிள்ளை, வைத்த இடத்தில் நிற்கும். பியானோ சம்பந்தி மாதிரி: கனம் அதிகம், பிடிமானம் கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் எதையாவது இடிக்கும், இடித்துவிட்டு அதுவே முனகும்.

மாப்பிள்ளைக்கு முதல் வேலை ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் கிடைத்தது. இரண்டாவது மாடி. ஏற்றினோம். மாப்பிள்ளை உருகி உருகி வாசித்தார். சாப்பிட வந்தவர்களும் உருகிப்போய், கரண்டியைக் கையில் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மேசையும் காலியாகவில்லை. வாசலில் ஆட்கள் பசியோடு நின்றார்கள்.

"கொஞ்சம் விறுவிறுன்னு வாசிங்க சார், ஜனங்க தின்னுட்டு எந்திரிக்கட்டும்" என்றார் மேலாளர்.

விறுவிறுவென்று வாசித்தார். ஒரு பெரியவருக்குப் புரையேறி, சூப் பக்கத்து மேசை வரைக்கும் போனது. பியானோவை இறக்கினோம்.

அடுத்தது நடனப் பள்ளி. மூன்றாவது மாடி. வேலை உயர உயர மாடியும் உயர்ந்தது. அங்கே பெண் பிள்ளைகள் எண்ணிக்கை சொன்னதும் காலைத் தூக்க வேண்டும், பியானோவில் ஒரு சுரம் வரும்போது இறக்க வேண்டும். எண்ணிக்கை கேட்டுத் தூக்கிவிட்டார்கள். இறக்குவதற்கான சுரம் வரவே இல்லை. பிள்ளைகள் கொக்கு மாதிரி நின்றுகொண்டே இருந்தார்கள். அம்மாக்கள் வந்து கூட்டிப்போகும்போதுதான் காலைக் கீழே வைத்தார்கள் என்று கேள்வி.

காரணம் அந்தக் கட்டை.

பியானோவின் நடுவிலிருந்து வலப்பக்கம் ஐந்தாவது வெள்ளைக் கட்டை ஊமை. வாங்கும்போதே அப்படித்தான். அழுத்தினால் சத்தம் வராது, "டொக்" என்று மரம் மட்டும் தட்டும். மாப்பிள்ளை அதற்கு 'மாமனார் கட்டை' என்று பெயர் வைத்திருந்தார். மாமனார் என்றால் என் அப்பா. அப்பா உயிரோடு இருந்தவரை வீட்டில் வாய் திறந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. என்ன கேட்டாலும் செருமுவார். சாப்பாடு பிடித்தால் ஒரு செருமல், பிடிக்காவிட்டால் ஒரு செருமல். மாப்பிள்ளை பெண் கேட்டு வந்த அன்றைக்கும் செருமினார். சம்மதமா இல்லையா என்று தெரியாமலே கல்யாணம் முடிந்துவிட்டது.

"அடிச்சாலும் அழுத்தினாலும் ஒரே பதில்தான். உங்கப்பாவேதான் மச்சான்" என்பார் மாப்பிள்ளை.

மூன்றாவது வேலை ஒரு செருப்புக் கடை. தரைத்தளம். அந்தக் கடைக்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் மனதார வாழ்த்தினேன். கூட்டம் சேர்ப்பதற்காக வாசிக்கச் சொன்னார்கள். கூட்டமும் சேர்ந்தது. ஆனால் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே செருப்புப் போட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நாள், ஒரு காலில் பழைய செருப்பும் மறு காலில் புதிய ஷூவுமாக எழுந்து நின்று, கண் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர்தான் எங்கள் போதகர்.

"தம்பி, எங்க ஆலயத்துல பாட்டுக்காரங்க இருக்காங்க, அவங்களை அடக்க ஆள் இல்ல. வர்றீங்களா?" என்றார்.

இப்படித்தான் மாப்பிள்ளை ஆலயத்தின் இசைத் தலைவர் ஆனார். தற்காலிகம்தான். ஆலயத்தில் பியானோ கிடையாது. வாசலில் செங்குத்தான கல்படிகள். நானும் கறிக்கடைக்காரரும் இன்னும் நாலு பேரும் ஏற்றினோம். கறிக்கடைக்காரர் பாடகர் குழுவில் அடித்தொண்டைக்காரர். ஆள் இரட்டைக் கதவு மாதிரி இருப்பார். ஏற்றி முடித்ததும் போதகர் என்னைப் பார்த்து, "நல்லா மூச்சு வாங்குறீங்களே, பாடுவீங்களா?" என்றார். மறுக்க மூச்சு இல்லாததால் நானும் குழுவில் சேர்ந்தேன்.

அந்த ஆலயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போதகருக்கு மென்மையான குரல். அவர் 'எழுந்து நிற்போம்' என்றால் மூன்றாவது பெஞ்சுக்கே கேட்காது. முன்னால் இருப்பவர்கள் நிற்பார்கள், பின்னால் இருப்பவர்கள் தூங்குவார்கள். அதனால் சுவரோரம் ஒரு வெண்கல மணி வைத்து, ஒரு மணிக்காரரையும் வைத்திருந்தார்கள். ஒரு தட்டு தட்டினால் எல்லாரும் எழ வேண்டும், இன்னொரு தட்டு தட்டினால் உட்கார வேண்டும். பழகிப்போய், தூங்குகிறவர்கள்கூடத் தூக்கத்திலேயே சரியாக எழுந்து உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு வந்த சிக்கல் வேறு. மேடையில் பியானோ வைத்த விதத்தில் அவர் முதுகுதான் எங்களுக்குத் தெரியும். இரண்டு கையும் வாசிப்பில் இருக்கும். எங்கே மூச்சு விடுவது என்று குழுவுக்கு எப்படிக் காட்டுவது? அப்போதுதான் மாமனார் கட்டைக்கு வேலை வந்தது. பாட்டு தொடங்கும்போதும் ஒவ்வொரு அடி முடியும்போதும் பெருவிரலால் அதை ஒரு தட்டு தட்டுவார். டொக்.

"டொக் கேட்டா மூச்சு. டொக் கேட்கலைன்னா மூச்சு கிடையாது. செத்தாலும் சரி" என்றார் மாப்பிள்ளை.

"செத்தா யாரு பாடுறது?" என்றார் கறிக்கடைக்காரர்.

"டொக் வரும், சாக மாட்டீங்க."

கறிக்கடைக்காரர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எல்லாருமே அப்படித்தான். எனக்கு எழுத்துத் தெரியாமல் பாட்டுத்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்த காலத்தில்கூட ஒரு டொக் தப்பியதில்லை. வருஷங்கள் போகப் போக அது எங்கிருந்து வருகிறது என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. மூச்சு விடுகிறவனுக்கு மூக்கு ஞாபகத்தில் இருக்குமா?

பிறகு கூரை ஒழுகியது. பல மழைக்காலம் குடைபிடித்துப் பாடினோம். ஒரு வழியாகப் புதுக் கூரை போட்டார்கள். நன்றி ஆராதனைக்குப் பேராயரே வருவதாகச் செய்தி வந்தது. அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. ஆலயத்தின் செயலாளர் அம்மா, இசைத் தலைவர் வேலையை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் பாடும் பெட்டி ஒன்றை வாங்க வேண்டும் என்று பேராயருக்குச் சொல்லியிருந்தார்.

"பெட்டிக்கு இருமல் வராது, லீவு கேட்காது, 'இன்னும் ஒரு தடவை பாடுங்க'ன்னு நம்ம உயிரை எடுக்காது" என்பது அவர் கட்சி.

பேராயர் நேரில் கேட்டுவிட்டு முடிவு சொல்வார். மாப்பிள்ளையின் வேலை நிரந்தரமானால் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் வீடு தங்கைக்குக் கிடைக்கும். தரையோடு தரையான வீடு. பியானோவும் ஆயுளுக்கும் அந்த மேடையிலேயே இருக்கும். நிரந்தரமாகாவிட்டால், அந்தக் கல்படி வழியாக அதை நான் இறக்க வேண்டும். முன்பு ஏற்றும்போது எனக்கு இருந்த இடுப்பு வேறு, இப்போது இருக்கிற இடுப்பு வேறு. அந்த ஆராதனைக்காக என்னைப் போல யாரும் ஜெபித்திருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை முதல் முறையாகச் சொந்தமாக ஒரு பாட்டு அமைத்தார். வார்த்தைகள் போதகருடையவை. 'நனைந்தோம், நனைந்தோம், இனி நனையோம்' என்று தொடங்கும். வார்த்தையைக் கேட்டால் குடை விளம்பரம் மாதிரி இருக்கும். மெட்டு அப்படியில்லை. ஒத்திகையில் கேட்டபோது என் பங்கைப் பாடவே மறந்துவிட்டேன். ஊமைக் கட்டையை ஒதுக்கிவிட்டு மற்ற கட்டைகளை மட்டும் வைத்து அதைக் கட்டியிருந்தார். ஆனாலும் வாசித்து முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

"எல்லாக் கட்டையும் பேசுற பியானோவுல ஒரு தடவையாவது வாசிச்சுடணும்."

இதைத் தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். வினை அங்கே தொடங்கியது.

மாப்பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான வாசிப்புக்கு முந்தின நாள் முழுக்கப் பியானோவைத் தொட மாட்டார். விரலுக்குப் பட்டினி என்பார். பசித்த விரல்தான் பாய்ந்து வாசிக்குமாம். கையுறை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

"விரலுக்குத்தானே பட்டினி, தட்டு கழுவக் கூடாதா?" என்றாள் தங்கை.

"தட்டு கழுவினா விரலுக்கு நினைப்பு மாறிடும்."

"சாப்பிட்டா மட்டும் மாறாதாக்கும்!"

திட்டிவிட்டு அவள் கிளம்பிப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் ஆலயம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பேராயர், கையில் ஊன்றுகோல், தலையில் உயரமான தொப்பி. முழங்கால் வலிக்காரர் என்பதால் தனி நாற்காலி. பக்கத்தில் செயலாளர் அம்மா, மடியில் பெட்டியின் படம் போட்ட விளம்பரத் தாள். குழு வரிசையாக மேடை ஏறியது. மாப்பிள்ளை கையுறையைக் கழற்றினார். பியானோவின் மேல் பூஜாடி, அதன் பக்கத்தில் மைக். பெண்கள் வரிசையில் பாடும் தங்கை என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"அண்ணே, நேத்து பியானோ ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்தேன். அப்பாவைப் பேச வெச்சுட்டேன்!"

"எந்த அப்பாவை?"

"நம்ம அப்பாவைத்தான். கட்டையை! கம்பியை அடிக்கிற சுத்தியலைப் புதுசா போட்டாச்சு. கொஞ்சம் கெட்டியாம், போகப் போக அடங்கிடுமாம். அவருக்குத் தெரியாது. வாசிக்கும்போது எப்படிப் பூரிச்சுப் போறாருன்னு பாருங்க!"

பாசக்காரி என்று என் மனம் குளிர்ந்தது. குளிர்ந்த மனம் அடுத்த நொடி உறைந்தது. அப்பா பேசினால் டொக் யார் சொல்வது?

சொல்வதற்குள் முன்னிசை முடிந்துவிட்டது. குழு தொடங்குவதற்கான முதல் டொக்குக்காக மாப்பிள்ளையின் பெருவிரல் இறங்கியது.

டாங்!

சும்மா டாங் இல்லை. கெட்டிச் சுத்தியல் போட்ட கணீர் டாங். சுவரோர வெண்கல மணிக்கும் அதற்கும் இம்மி வித்தியாசம் இல்லை. உட்கார்ந்திருந்த ஆலயம் மொத்தமும் எழுந்து நின்றது. பேராயரும் ஊன்றுகோலை ஊன்றி, "ஹா" என்று எழுந்தார். பாட வேண்டிய நாங்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். டொக் வரவில்லையே!

வீட்டு வாசலில் போலீசைப் பார்த்தது போல மாப்பிள்ளை தன் பெருவிரலைப் பார்த்தார். சமாளித்து, முன்னிசையை மறுபடி வாசித்தார். மறுபடி அதே இடம் வந்தது. விரலுக்கு என்ன தெரியும்? பசித்த விரல் வேறு.

டாங்!

எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"பாடுங்களேன்யா!" என்று மாப்பிள்ளை பல்லிடுக்கில் சீறினார். பாடத் தொடங்கினோம். 'நனைந்தோம்' டாங், எழுந்தார்கள். 'நனைந்தோம்' டாங், உட்கார்ந்தார்கள். 'இனி நனையோம்' டாங். பெண்கள் வரிசையில் பாதிப் பேர் அந்த டாங்கையே சுரமாக எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். மீதிப் பேர் சொந்தப் பொறுப்பில் திருட்டு மூச்சு விட்டார்கள். கறிக்கடைக்காரர் மட்டும் சொன்ன சொல் மாறாதவர். டொக் வராமல் மூச்சு விட மாட்டேன் என்று முதல் 'நனைந்தோஓஓம்'மிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்து, கத்தரிக்காய் நிறமாகி, கண் இரண்டும் வெளியே எட்டிப் பார்த்தன.

"விடுய்யா மூச்சை!" என்று விலாவில் இடித்தேன். தலையைத் தலையை ஆட்டினார்.

மணிக்காரர் கதையோ பரிதாபம். தான் தட்டாமலே மணி அடிக்கிறது என்று வெலவெலத்துப்போய், ஓடி வந்து மணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். டாங்! கட்டிப் பிடித்தும் அடிக்கிறது! அவர் அதைக் கண்ணீரோடு பார்த்தார். பேராயரின் தொப்பி கழன்று செயலாளர் அம்மாவின் மடியில் விழுந்தது. அடுத்த டாங்குக்கு அந்த அம்மா எழுந்தார், தொப்பி தரையில் உருண்டது. அதற்கடுத்த டாங்குக்கு உட்கார்ந்தார், விளம்பரத் தாள் பறந்தது.

நான் மனக்கண்ணில் கல்படிகளை ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தங்கைக்கு விளங்கியது. "அய்யய்யோ, டொக்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வரிசையை விட்டுப் பாய்ந்தாள். பூஜாடியைத் தூக்கிப் பேராயர் கையில் கொடுத்தாள். அவரும் நல்ல மனிதர், வாங்கிக்கொண்டார். பியானோவின் மேல்மூடியைத் திறந்து, இடுப்பிலிருந்த கைக்குட்டையை உருவி, முந்தின நாள் ரிப்பேர்காரர் கை வைத்த இடத்தில், சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே திணித்தாள். திணித்தபடியே கத்தினாள்.

"அப்பா, வாயை மூடுங்க!"

பக்கத்தில் மைக் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஆலயம் முழுக்க அப்பாமார்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். போதகரும் மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் பெருவிரல் இறங்கியது.

டொக்.

கறிக்கடைக்காரர் மூச்சை இழுத்தார். அப்படி ஒரு இழுப்பை நான் கண்டதில்லை. முன்னால் நின்றவரின் பாட்டுத்தாள் பின்னால் வந்து அவர் மூக்கில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் எல்லாரும் இழுத்தோம். கடைசிச் சரணம் தொடங்கியது. டொக், மூச்சு. டொக், மூச்சு. தங்கை பியானோவுக்குள் முழங்கை வரை விட்டபடியே பாடினாள். எத்தனையோ ஒத்திகையில் வராத ஒன்று அன்றைக்கு வந்தது. மழை விட்டபின் கூரையிலிருந்து ஒரு சொட்டும் விழாத அமைதி மாதிரி இருந்தது அந்தப் பாட்டு. கேட்டவர்கள் அசையாமல் நின்றார்கள். கடைசி டாங் எழும் டாங்காக அமைந்துவிட்டதால் உட்காரவும் அவர்களுக்கு வழியில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகர் அறைக்கு அழைத்தார்கள். போகும் வழியில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், கயிறு கொண்டு வந்திருக்கீங்களா?"

"எதுக்கு மாப்ளே?"

"பியானோவைக் கட்டத்தான். இன்னைக்கே இறக்கிடலாம். அசிங்கப்பட்ட இடத்துல நிக்கக் கூடாது."

தங்கை அழுதாள். "நல்லது பண்ணலாம்னு நெனச்சேங்க."

"நீ நல்லதுதான் பண்ணின. உங்கப்பா பேச வேண்டிய நேரம் பார்த்துப் பேசக் கூடாதா?"

உள்ளே பேராயர் பூஜாடியை இன்னும் மடியில் வைத்திருந்தார்.

"யாரு இந்தப் பாட்டைக் கட்டினது?"

மாப்பிள்ளை தலை குனிந்தார். "நான்தான்யா. ஆனா அந்தச் சத்தம்..."

"அந்தச் சத்தம்தான்யா பாட்டே! நான் போற சபையில எல்லாம் ஜனங்க உக்காந்தா எந்திரிக்கிறதில்ல. எந்திரிச்சா நேரா வீட்டுக்குப் போயிடறாங்க. இங்க ஒரு ஆளாவது தூங்கினாங்களா? கடைசியில பாருங்க, உக்காரவே மனசில்லாம நின்னுட்டாங்க. என் முட்டியே இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் மடங்குது." எழுந்து உட்கார்ந்து காட்டினார். "வீடு உங்களுக்குத்தான். வேலை நிரந்தரம்."

நான் கண்ணை மூடி நன்றி சொன்னேன். என் இடுப்பும் சொன்னது. அங்கேயே அறையை விட்டு வெளியே வந்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த ஒரு சபைக்கு மட்டும் இல்ல" என்றார் பேராயர். "எல்லாச் சபைக்கும் நீங்கதான் இசை இயக்குநர். வாரம் ஒரு ஆலயம். இதே பாட்டு, இதே சத்தம், இந்தத் தங்கச்சி ஓடி வந்து 'வாயை மூடுங்க'ன்றதும் அப்படியே வரணும். அங்கங்க நல்ல பியானோ இருக்கு, கவலை இல்ல."

மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் நின்றது. கலைஞர் அல்லவா, பொய் சொல்ல வராது. அவர் வாயைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் காலை மிதித்தேன். ஷூ கெட்டி, உறைக்கவில்லை.

"ஐயா, அந்தச் சத்தம் வேற எந்தப் பியானோவுலயும் வராதுங்க."

"அப்ப இதையே கொண்டு போயிடுங்க" என்றார் பேராயர்.

அறையில் இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செயலாளர் அம்மாகூட முதல் முறையாக இரக்கத்தோடு பார்த்தார். "பெட்டின்னா கையிலயே எடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார். அந்த நொடியில் நான் அவர் கட்சிக்கு மாறினேன்.

முதல் வாரம் எங்களுக்குக் கிடைத்தது குன்றின் மேல் இருந்த ஆலயம். வண்டி அடிவாரம் வரைதான் போகும். மேலே படி, படி, படி. நானும் கறிக்கடைக்காரரும் கீழ்ப்பக்கம் பிடித்தோம். கைக்குட்டையை எடுத்துவிட்ட பியானோ முதல் படியில் குலுங்கியது.

டாங்.

"இதுக்கு மூச்சு விடலாமா கூடாதா?" என்றார் கறிக்கடைக்காரர் அடக்கிக்கொண்டு.

"விடுங்க, விடுங்க, உங்களைச் சேர்த்துத் தூக்க என்னால ஆகாது."

இரண்டாவது படி. டாங். மேலே வேடிக்கை பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மணிக்காரர், எங்களோடு வந்தவர்தான், சட்டென்று எழுந்து நின்றார். மூன்றாவது படி. டாங். உட்கார்ந்தார். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு வார்த்தை பேசாத மனிதர், என் தோளில் ஏறிக்கொண்டு படிக்கு ஒரு வார்த்தை பேசிக்கொண்டு வந்தார். மிச்சப் படிகளைப் பார்த்தேன். பேச அவருக்கு நிறைய இருந்தது.

மேலே இருந்து மாப்பிள்ளை கையுறைக் கையை ஆட்டினார். விரலுக்குப் பட்டினி, ஒரு கை கொடுக்கக்கூட வர மாட்டார்.

"மச்சான், மெதுவா! மாமனார் பத்திரம்!"

"அவரு பத்திரமாத்தான் இருக்காரு மாப்ளே, என் மேலதானே உக்காந்திருக்காரு!" என்று கத்தினேன்.

டாங் என்றார் அப்பா.